காற்றைக் குடித்த சுவர்

பங்காரப்பேட்டையில் பிரியும் கிளை ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போக அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தங்கம் இங்கேதான் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்போது விடிவதற்கு முன்னாலேயே கிளம்பும் ரயில்களில் கோலார் தங்கவயல்காரர்கள் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். புறப்படும் ஊரில் விக்டோரியா ராணி காலத்துச் சுவர்கள். போய்ச் சேரும் ஊரில் கண்ணாடி போர்த்திய கோபுரங்கள். இடையில் சுமார் 100 கிலோமீட்டர்.

இரண்டையும் தினமும் பார்க்கிறவர்கள் வாயில் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: "வெள்ளைக்காரன் கட்டினது அப்படியே நிக்குது, நாம நேத்து கட்டினது இன்னைக்கு ஒழுகுது." இந்தப் பேச்சில் பாதி அறிவியல், பாதி மயக்கம். அறிவியல் பாதியில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. பழைய சுவரை நூறாண்டு நிற்கவைக்கிற பொருளும் புதிய கூரையை முப்பதாண்டில் உரித்துப்போடுகிற பொருளும் ஒன்றே. நாம் மூச்சுவிடும்போது வெளியே விடுகிற கரியமில வாயுதான் அது.

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் தங்கவயலில் கால்வைத்தது. விக்டோரியா இறந்தது 1901இல். ஆக, இங்கே முதலில் எழுந்த பங்களாக்களும் கிளப்பும் மருத்துவமனையும் தேவாலயங்களும் எந்திரக் கூடங்களும் சொல்லப்போனால் அசல் விக்டோரிய சரக்கு. வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்துக்கொண்டார்கள். உயரமான கல் அடித்தளம், தடித்த சுவர், சுற்றிலும் தாழ்வாரம், எட்டாத உயரத்தில் கூரை. குவாரியில் கல்லை உடைத்தவர்களும் சாந்து அரைத்தவர்களும் சுவரை எழுப்பியவர்களும் இங்கிலாந்திலிருந்து வரவில்லை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்த ஊர் இது. சென்னையிலும் கதை அதேதான். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டி.

அவர்கள் கையில் இருந்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் போட்டு ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் எரித்தால், 100 கிலோ கல் 56 கிலோவாகக் குறைந்துவிடும். மீதி 44 கிலோ எங்கே போயிற்று? கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. எஞ்சியது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். அதை மணலோடு சேர்த்து அரைத்துச் செங்கற்களுக்கு நடுவே வைத்ததும் பயணம் திசைமாறுகிறது. தான் இழந்த வாயுவைச் சுண்ணாம்பு சுற்றுக் காற்றிலிருந்து மறுபடியும் உறிஞ்சத் தொடங்குகிறது. உறிஞ்ச உறிஞ்சக் கல்லாகிறது. மலையில் கல்லாகக் கிடந்தது, காளவாயில் பொடியாகி, சுவருக்குள் திரும்பவும் அதே கல். மணலும் செங்கல்லும் சேர்ந்துகொண்டதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

இது மிக மெதுவாக நடக்கிற காரியம். காற்று மேற்பரப்பிலிருந்து உள்ளே போகவேண்டும். கல்லாகிப்போன வெளிப்பகுதி அதன் வழியை இன்னும் குறுக்குகிறது. தடித்த சுவரின் வயிற்றுக்குள் பல பத்தாண்டுகள் கழித்தும் கல்லாகாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். கட்டட வேலையை அவசரமாக முடிக்க நினைப்பவருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இந்தச் சோம்பலில்தான் நன்மையே இருக்கிறது. சுவரில் மயிரிழை விரிசல் விழுகிறது; அதில் மழைநீர் இறங்குகிறது; உள்ளே கல்லாகாமல் கிடக்கும் சுண்ணாம்பு அந்த நீரில் கொஞ்சம் கரைந்து விரிசலுக்கு வருகிறது; அங்கே காற்றைச் சந்தித்துக் கல்லாகி விரிசலை அடைக்கிறது. ஆள் கூப்பிடாமல், கூலி கேட்காமல் சுவர் தன்னையே பூசிக்கொள்கிறது. பெரிய வெடிப்புகளுக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மில்லிமீட்டரில் ஒரு பகுதி அளவுள்ள கீறல்களுக்குத்தான் இந்த வைத்தியம்.

நம் கொத்தனார்கள் இதில் கைப்பக்குவங்களையும் சேர்த்தார்கள். கடுக்காய் ஊறிய நீர், வெல்லக் கரைசல், செங்கல் பொடி. வெல்லத்தில் உள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகிறது. அதனால் சாந்து குழைவாக நிற்கும், சீராகப் பரவும். (இதே சர்க்கரை சிமென்ட்டுக்கு எதிரி. ஒரு மூட்டை சிமென்ட் கலவையில் ஒரு பிடி சர்க்கரை விழுந்தால் இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும்.) சுர்க்கி என்று சொல்லப்பட்ட செங்கல் பொடியின் வேலை இன்னும் முக்கியமானது. பக்குவமாகச் சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிந்து, காற்று புகாத இடத்திலும், தண்ணீருக்கு அடியிலும்கூட இறுகும். தங்கவயல் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1887 முதல் 1895 வரை, பென்னிகுயிக் முல்லைப் பெரியாற்றில் அணை கட்டியது இந்தச் சுண்ணாம்பு சுர்க்கியை வைத்துத்தான்.

தங்கவயலில் சுவருக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. தரை அதிரும். பூமிக்குள் தோண்டிய வெற்றிடங்களைச் சுற்றிய பாறை, தாங்கமுடியாத அழுத்தத்தில் திடீரென்று வெடித்துச் சிதறும். ஆங்கிலேயச் சுரங்கக்காரர்கள் முதலில் இதற்கு வைத்த பெயர் ஏர் பிளாஸ்ட். பெரிய வெடிப்புகளில் மேலே வீடுகள் நடுங்கின, சுவர்கள் பிளந்தன. இப்படிப்பட்ட மண்ணில் சுண்ணாம்புச் சாந்துக்கு ஒரு வசதி உண்டு. அது செங்கல்லைவிட மென்மையானது. அடித்தளம் கொஞ்சம் அசைந்தால் இணைப்புகள் பலவற்றில் சிறுசிறு கீறல்களாக அந்த அசைவைப் பங்குபோட்டுக்கொள்ளும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் சாந்து வளையாது. ஒரே நீளப் பிளவாக, செங்கல்லையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகும். சுண்ணாம்புச் சுவர் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. பெரிய ஆட்டத்தில் கம்பி இல்லாத எந்தச் செங்கல் சுவரும் ஆபத்துதான்.

என்னைக் கேட்டால், தங்கவயலின் ஆகச் சிறந்த கல்வேலை பங்களாக்களிலும் இல்லை, தேவாலயங்களிலும் இல்லை. அது யாருடைய கண்ணிலும் இனிப் படாத இடத்தில் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. 3 கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் பாறையின் எடை மட்டுமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 800 கிலோவாக அழுத்தும். தங்கப் படிவத்தை வெட்டி எடுத்த வெற்றிடத்தைத் தாங்க முதலில் மரக்கட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். மரம் நசுங்கியது, தீப்பிடிக்கும் அபாயமும் இருந்தது. பின்பு கருங்கல்லை மேலேயே கொத்திச் செதுக்கி, கீழே இறக்கி, கல்லோடு கல் பொருந்தச் சுவர்களாக அடுக்கினார்கள். இங்கே செதுக்கு வேலை அழகுக்கு இல்லை. கல்லின் முகம் சமமாக இல்லாமல் ஒரு மேட்டில் மட்டும் பட்டால், முழுப் பாரமும் அந்தப் புள்ளியில் இறங்கிக் கல் பிளந்துவிடும். முகம் முழுதும் பட்டால் பாரம் பரவி இறங்கும். உளியின் ஒரு தப்பு, கீழே ஒரு ஷிஃப்டு ஆட்களின் உயிர். சுரங்கத்தை மூடியபின் நீரிறைப்பு நின்றது. அந்தச் சுவர்கள் இப்போது வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கின்றன.

மேலே வருவோம். பங்களாவின் குளுமைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் 'உயரமான கூரை' என்பார்கள். அதில் உண்மை உண்டு, சூடான காற்று தலைக்கு மேலே தங்கிவிடும். ஆனால் பெரிய மாயம் சுவரின் தடிமனில்தான். வெயிலின் சூடு செங்கல்லுக்குள் அலையாகப் போகிறது. போகப்போகத் தாமதமாகிறது, தேய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 9 அங்குலச் சுவரைக் கடக்க அந்த அலைக்குச் சுமார் 7 மணி நேரம் ஆகும்; உள்ளே வரும்போது அதன் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 18 அங்குலத்துக்கு 14 மணி நேரம். ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது பகல் 2 மணி உச்சிவெயில் உள்முகத்தை எட்டும்போது விடிகாலை 4 மணி. தங்கவயலில் அந்த நேரம் குளிராக இருக்கும். வந்த கொஞ்சம் சூட்டையும் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்றைய வீட்டின் 5 அங்குல கான்கிரீட் கூரைக்கு வருவோம். தாமதம் மூன்றரை மணி நேரம்தான். பிற்பகல் வாங்கிய சூட்டை, நாம் வேலை முடிந்து வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும் நேரத்தில் சரியாகத் தலைமேல் இறக்கும். கண்ணாடிச் சுவருக்குத் தாமதம் என்ற ஒன்றே கிடையாது. வெயிலின் ஒளியை உள்ளே விடும். உள்ளே சூடான மேசையும் தரையும் திருப்பி வீசுகிற வெப்பக் கதிரை வெளியே விடாது. பூச்சு பூசிய கண்ணாடிகள் இதைக் கொஞ்சம் குறைக்கின்றன. மீதியை ஏசி எந்திரம் மின்சாரக் கட்டணமாக மாற்றித் தருகிறது.

அந்தக் காலத்தில் எல்லாமே கையால் செய்தது, இப்போது எல்லாம் எந்திரம் என்பதுதான் பழமை விரும்பிகள் அடிக்கடி சொல்வது. விக்டோரிய காலத்து ரசிகர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1850களில் தன் காலத்துக் கட்டடங்களைப் பார்த்துப் பொருமியதே, எந்திரம் கக்கிய அலங்காரங்களால் அவை கெட்டுப்போய்விட்டன என்பதற்காகத்தான். ரயில் நிலையத் தூண்களின் பூவேலைப்பாடு உளியால் வந்தது இல்லை, அச்சில் வார்த்தது. கிளாஸ்கோ நகரத்தின் சாரசன் வார்ப்படச்சாலை, படம்போட்ட விலைப்பட்டியல் அச்சிட்டு, தூண், கைப்பிடி, நீரூற்று என்று உலகம் முழுதும் விற்றது. எண் சொன்னால் கப்பலில் வந்து இறங்கும்.

தங்கவயலுக்கு நெருக்கமான விக்டோரிய எந்திரப் பொருள் இன்னும் எளிமையானது: நெளி தகரம். 1829இல் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற லண்டன் பொறியாளர் காப்புரிமை வாங்கினார். பனையோலை விசிறி மடிப்பால் விறைப்பாக நிற்பது போலத்தான் அது. தட்டையான மெல்லிய தகடு தன் எடைக்கே தொய்ந்துவிடும். நெளித்துவிட்டால் உலோகம் நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் விலகி நின்று வளைவை எதிர்க்கிறது. துத்தநாகப் பூச்சு சேர்ந்ததும் துருவும் தள்ளிப்போனது. இலேசானது, கப்பலில் அடுக்க வசதியானது, தரை அதிரும் ஊரில் தலையில் விழுந்தால் ஓடளவுக்கு ஆபத்தில்லாதது. பங்களாவின் தாழ்வாரத்திலும் தொழிலாளர் லைன் வீட்டின் கூரையிலும் ஒரே தகரம்தான். பங்களாவில் அதற்குக் கீழே மரப்பலகை உள்கூரையும் ஒரு காற்று இடைவெளியும் இருந்தன. லைன் வீட்டில் அதற்குக் கீழே மனிதர்கள் இருந்தார்கள்.

விக்டோரிய கட்டடக்கலையைப் பற்றிய புகழ்ச்சிகளில் நம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான். நின்றவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. தங்கவயலின் தொடக்க காலத்தில் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இருந்தது தட்டி வீடுகளில்: மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டி, மேலே மண் பூச்சு, ஒற்றை அறை. அவையும் விக்டோரிய காலக் கட்டடங்கள்தான். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டுகள். கரையானும் மழையும் தின்றுபோனதால் 'அந்தக் காலத்து உறுதி' பற்றிய பேச்சில் அவை கணக்கில் வருவதில்லை. இங்கிலாந்திலும் அப்படியே. தொழில் நகரங்களில் அவசரமாக எழுப்பிய ஈரச்சுவர் வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்துபோயின. மிச்சம் நின்ற நல்ல வீடுகளை வைத்து நாம் ஒரு காலத்துக்கே மதிப்பெண் போடுகிறோம். 18 அங்குலச் சுவரும் மாதக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பும் கட்டுபடியானதற்குக் காரணம், அவற்றைச் சுமந்தவர்களுக்குக் கொடுத்த கூலி.

அந்தத் தட்டி வீட்டுக்காரர்கள் செங்கல்லில் எதையும் விட்டுப்போகவில்லை என்றாலும் வேறொன்றை விட்டுப்போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன; சாம்பியன் ரீஃபிலிருந்து சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. கட்டட வரலாறு எழுதுபவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. எனக்கு இதைத் தாண்டிப்போக மனமில்லை.

சரி, கான்கிரீட் ஏன் உரிகிறது? கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது; பிஹெச் அளவு 13ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே உள்ளே போய் அங்கிருக்கும் சுண்ணாம்பைக் கல்லாக்குகிறது. பழைய சுவருக்குச் செய்த அதே வேலை. கான்கிரீட் இதனால் பலவீனம் அடைவதில்லை. ஆனால் காரம் தணிந்து பிஹெச் 9க்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லை கம்பியைத் தொட்ட நாளில் காப்புப் படலம் கரைகிறது; ஈரமும் கிடைத்தால் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெம்பி, பூச்சையும் கான்கிரீட்டையும் பொத்தென்று கீழே தள்ளும். பழைய அரசு குடியிருப்புகளின் தாழ்வாரங்களில் மேலே பார்த்தால் விலா எலும்பாகக் கம்பிகள் தெரிவது இதனால்தான்.

இங்கே ஒரு கணக்கு மனதில் நிற்கத்தக்கது. வாயு உள்ளே நுழையும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடிய கம்பியை எட்ட 24 ஆண்டு ஆகும் என்றால், 10 மில்லிமீட்டர் மூடிய கம்பியை எட்ட 12 ஆண்டு ஆகாது. 6 ஆண்டிலேயே எட்டிவிடும். மூடல் பாதியானால் ஆயுள் கால்வாசி. தளம் போடும் நாளில் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக் ஒன்றின் விலை சில ரூபாய். அது தீர்ந்துபோய் யாரோ ஒருவர் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிட்டுப் போகிறார். அல்லது கலவை கொட்டும்போது ஒருவர் கம்பிமேல் ஏறி நடக்கிறார். அந்தக் கூரையின் வயது அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. ஆகவே நவீனக் கட்டடத்தில் கைவினை செத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. கைவினை பூச்சுக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும் நமக்குக் கிடைத்த பெரிய வசதி இந்தக் கம்பி வைத்த கான்கிரீட். 20 அடி அகல அறையைத் தூணில்லாமல் மூட, நாலு மாடி கட்ட, ஆட்டத்தில் இடியாமல் நிற்க, அதுவும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில், வேறு வழி இருக்கவில்லை.

பழைய சுவர்களுக்கு இன்று பெரிய எதிரி, நல்ல எண்ணத்தோடு செய்யும் சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும்; முகம் முழுதும் ஆவியாக விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட்டை அப்பினால் ஈரம் சிறைப்படும். வழி தேடி ஓரங்களில் வெளியேறும்போது உப்பை விட்டுச்செல்லும்; உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். இரண்டு மழைக்காலம் பளபளப்பாக நின்ற பூச்சு, பிறகு செங்கல் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். அப்போதும் பழி சுண்ணாம்பின் தலையில்தான் விழுகிறது.

இதற்கிடையே சுர்க்கி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. சிமென்ட்டுக்குக் கல்லை 1,450 டிகிரியில் எரிக்கவேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு இந்தத் தொழிலிலிருந்து வருகிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி ஐஐடிகள் சேர்ந்து உருவாக்கிய எல்சி3 என்ற சிமென்ட்டில் அந்த எரித்த பொருளில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிதமான சூட்டில் சுட்ட களிமண்ணையும் எரிக்காத சுண்ணாம்புக்கல் பொடியையும் வைக்கிறார்கள். சுட்ட களிமண் சுண்ணாம்போடு புரியும் வினை, கொத்தனார் செங்கல் பொடியைச் சலித்துப் போட்டபோது நடந்த அதே வினை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் இதற்குத் தரம் வகுத்தது.

மாரிகுப்பத்துக்கும் சொந்தமாக ஒரு கச்சாப்பொருள் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சயனைடு மலை என்று சொல்லும் வெளிர்ந்த மேடுகள், தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய பாறைத் தூள். 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படிகிறது. தங்கவயலிலேயே இருந்த தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தத் தூளைச் சிமென்ட்டோடு கலந்தும், மண்ணோடு கலந்து சுட்டும் செங்கல் செய்து வலிமை பார்த்திருக்கிறார்கள். சரியான விகிதத்தில் சுவருக்குத் தாங்கும் செங்கல் வருகிறது. மண்ணோடு சுட்டது விலையும் குறைவு. அதை வீடு கட்டக் கொடுப்பதற்கு முன்னால், மழையில் அந்தச் செங்கல்லிலிருந்து ஆர்செனிக் போன்ற நச்சுப்பொருட்கள் எவ்வளவு கசிகின்றன என்று ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும்.